சுவிஸ் டொச் சைகை மொழி: புதிதாகத் தொடங்குகிறவருக்கு எந்த வழி?

என் அக்காவின் மகளுக்குப் பிறப்பிலிருந்தே காது கேட்காது. அவர்கள் பேர்ண் பக்கம், நான் சூரிச் பக்கம். பெறாமகளோடு நேரடியாகக் கதைக்க வேண்டும் என்ற ஆசையில் போனில் ஒரு சைகை மொழிச் செயலியை இறக்கினேன். வேலை முடிந்து வந்த பிறகு இரவில் அரை மணி நேரம் என்று நான்கு மாதம் விடாமல் படித்தேன். நிறங்கள், விலங்குகள், சாப்பாடு, குடும்பம் எல்லாம் பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவள் முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினேன். பிள்ளை என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் அவளுக்கு விளங்கவில்லை. காரணத்தை அக்காதான் சொன்னா: நான் படித்தது ஜெர்மனியின் சைகை மொழி.

அதற்குப் பிறகு வகுப்பு, இணையம், வீட்டுப் பாடம், சங்கக் கூட்டம் என்று பல வழிகளை நானும் அக்காவும் பார்த்துவிட்டோம். இங்கே புதிதாகத் தொடங்குகிற தமிழர் யாராவது என்னைப் போல நான்கு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் எதைப் படிக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் மூன்று சைகை மொழிகள் இருக்கின்றன. டொச், அதாவது ஜெர்மன் மொழி, பேசும் பகுதிக்கு ஒன்று, பிரெஞ்சுப் பகுதிக்கு ஒன்று, தெசின் மாநிலத்தில் இத்தாலியச் சைகை மொழி. டொச் பகுதியில் உள்ளது டொச் சுவிஸ் சைகை மொழி. ஜெர்மனியில் உள்ள சைகை மொழிக்கும் இதற்கும் சொற்கள் நிறைய வேறுபடும். எழுத்து டொச் இரண்டு நாட்டுக்கும் பொது என்பதால் சைகையும் பொதுவாக இருக்கும் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நம்புகிறவர்களும் நம்மிடையே நிறையப் பேர். அது உண்மையில்லை. இலங்கையிலோ இந்தியாவிலோ சைகை மொழி பழகிய ஒருவர் இங்கே வந்தால் இந்த நாட்டு மொழியைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

இந்த ஒரு மொழிக்குள்ளும் ஐந்து வட்டார வழக்குகள் உண்டு: சூரிச், பேர்ண், பாசல், லுசேர்ண், சென்காலன். ஏன் இந்த ஐந்து என்று பார்த்தால், பழைய காது கேளாதோர் பள்ளிகள் இருந்த இடங்கள் அவை. பேர்ணுக்கு மியுன்சன்புக்ஸே, பாசலுக்கு ரீகன், லுசேர்ணுக்கு ஹோஹென்றைன். 1880இல் மிலான் நகரில் நடந்த ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சால் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஐரோப்பிய வகுப்பறைகளில் சைகைக்கு இடமில்லாமல் போனது. பிள்ளைகள் விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் தங்களுக்குள் பழகிக் காப்பாற்றிய மொழி இது. ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைகளும் ஒவ்வொரு விதமாகக் காப்பாற்றினார்கள், அதுதான் வட்டார வழக்காக நிற்கிறது. இலக்கணம் பொது, சொற்கள்தான் ஆங்காங்கே மாறும். யாழ்ப்பாணத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு மனத்தெம்பு தரும் செய்தி ஒன்றும் உண்டு. இந்த மொழியில் கை மட்டும் பேசுவதில்லை, வாயும் சத்தமில்லாமல் டொச் சொல்லின் வடிவத்தை அசைத்துக் காட்டும். கை ஒரே மாதிரி இருந்து, வாயசைவால் மட்டும் பொருள் பிரியும் சைகைகளும் இருக்கின்றன. அந்த வாயசைவு தெருவில் கேட்கும் சுவிஸ் டொச் அல்ல, பள்ளியில் படிக்கும் ஹோக்டொச். காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் படித்தது அதைத்தான் என்பது காரணம். இருபது வருடம் இங்கே இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் சுவிஸ் டொச் விளங்காமல் தலையாட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இங்கே அந்தக் குறை ஒரு தடையே இல்லை. வகுப்பில் நாங்கள் படித்த ஹோக்டொச் போதும்.

செயலியும் யூடியூபும்

சரி, இனி வழிகளைப் பார்ப்போம். செயலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டொச்சில் தேடினால் அதிகம் கிடைப்பது ஜெர்மனியின் சைகை மொழிதான். அங்கே ஆட்கள் பல மடங்கு, ஆகவே பாடங்களும் அதிகம். உங்கள் பிள்ளையோ நண்பரோ ஜெர்மனியில் இருந்தால் தாராளமாகப் படியுங்கள். சூரிச்சில் இருப்பவரோடு பேசுவதற்கு அது வேண்டாம். தப்பான சைகை கைக்குப் பழகிவிட்டால் அழிப்பது புதிதாகப் படிப்பதைவிடக் கடினம். நான் முதலில் படித்த சில சைகைகள் இன்னும் அவசரத்தில் வந்துவிடுகின்றன.

சரியான இணைய வழியும் இருக்கிறது. சுவிஸ் காது கேளாதோர் கூட்டமைப்பு 1946இல் தொடங்கிய அமைப்பு. அவர்கள் நடத்தும் இணைய அகராதியில் மூன்று சைகை மொழிகளும் உள்ளன. மொழியைத் தெரிவு செய்து, டொச் சொல்லை எழுதினால் வீடியோ வரும். பல சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியமும் சைகையிலேயே இருக்கும். காசு இல்லை. நான் பஸ்ஸில் போகும்போது அதைத்தான் பார்ப்பேன், சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்ப.

ஆனால் அகராதியை வைத்து மொழி படிக்க முடியாது. தமிழே தெரியாத ஒருவர் தமிழ் அகராதியை மனப்பாடம் செய்து நம்மோடு கதைக்க வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அதைவிடப் பெரிய குறை, வீடியோ உங்களைப் பார்ப்பதில்லை. உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, புருவம் ஏறியதா, கை நெஞ்சுக்கு நேரே நின்றதா, வயிற்றுக்கு இறங்கியதா என்று சொல்ல ஆள் வேண்டும். சூரிச்சில் உள்ள எச்.எஃப்.எச் உயர்கல்வி நிறுவனமும் மார்ட்டினியில் உள்ள இடியாப் ஆய்வு நிலையமும் சேர்ந்து, தொடக்க நிலை மாணவரின் சைகையைக் கணினி பார்த்துச் சரிபிழை சொல்லும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல முயற்சி, ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது தனித்தனிச் சைகைகளை. ஒரு உரையாடலில் நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதை இன்றைக்கும் மனிதர்தான் சொல்ல வேண்டும்.

குழு வகுப்பு

எனக்கு மொழி வந்தது இங்கேதான். கூட்டமைப்பு நடத்தும் வகுப்புகள் மற்ற மொழி வகுப்புகளைப் போலவே ஏ1 என்ற தொடக்கப் படி முதல் படிப்படியாகப் போகும். சொல்லிக்கொடுப்பவர் காது கேளாதவர், இதுதான் முக்கியம். முதல் நாளே வாயை மூடிவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லை, டொச்சில் விளக்கமும் இல்லை. கதிரைகள் அரை வட்டமாக இருக்கும், எல்லாரும் எல்லாரையும் பார்க்கும்படி. அன்று வீட்டுக்கு வந்தபோது காது அல்ல, கண் களைத்திருந்தது. ஒன்றரை மணி நேரம் ஒருவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது நமக்குப் பழக்கமில்லாத வேலை. நம் ஊர் வளர்ப்பில் பெரியவர்களின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவு என்று வேறு சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே கண்ணைத் திருப்பினால், எதிரில் இருப்பவர் பேசப் பேசக் காதைப் பொத்திக்கொண்டது போல. இதை உடம்பு பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

முகம் இந்த மொழியின் இலக்கணம் என்பதும் வகுப்பில்தான் விளங்கியது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் மேலே போகும். யார், எங்கே, ஏன் என்ற கேள்விக்குப் புருவம் சுருங்கும், கேள்விச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். காலமும் இடமும் முன்னால் வந்துவிடும், அதன் பிறகு யார், என்ன, கடைசியில் வினை. நாளை, சூரிச், நான், அக்கா, சந்திப்பு என்ற வரிசை. என்னோடு படித்த சுவிஸ்காரர்கள் டொச் வாக்கியத்தை அப்படியே கையில் போட்டுத் திணறினார்கள். வினையைக் கடைசியில் வைப்பது எனக்கு வீட்டுப் பழக்கம். இன்னொன்றும் நமக்குத் தெரிந்த விஷயம்தான்: கொடுப்பது என்ற சைகையில் கை, கொடுப்பவரிடமிருந்து வாங்குபவரை நோக்கிப் போகும். நான் உனக்கு என்றால் என்னிடமிருந்து உன் பக்கம், நீ எனக்கு என்றால் உன்னிடமிருந்து என் பக்கம். எனக்கோ உனக்கோ என்றால் ‘தா’, வேறொருவருக்கு என்றால் ‘கொடு’ என்று பிரித்த பழந்தமிழ் இலக்கணத்தை நினைத்துக்கொண்டேன். யார் யாருக்கு என்பது வினைக்குள்ளேயே இருக்கும் மொழி ஒன்றும் நமக்கு அந்நியமில்லை.

குழு வகுப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். கிழமைக்கு ஒரு மாலை என்பது மெதுவான வழி. இடையில் பயிற்சி இல்லாவிட்டால் அடுத்த வகுப்பில் பாதி போயிருக்கும். அடுத்த படிக்குப் போதிய ஆட்கள் சேராவிட்டால் காத்திருக்க வேண்டிவரும், சிறிய ஊர்களில் இது அதிகம். உணவகத்திலும் மருத்துவமனையிலும் மாறி மாறி வேலை நேரம் உள்ள நம்மவர்களுக்கு நிலையான ஒரு மாலை கிடைப்பதே பெரிய காரியம். நான் மேலாளரிடம் செவ்வாய்க்கிழமைகளைக் கேட்டு வாங்கித்தான் போனேன். அப்புறம், எந்த நகரத்தில் படிக்கிறோமோ அந்த வழக்குதான் முதலில் வரும். நான் சூரிச் சைகைகளோடு பேர்ணுக்குப் போனால் பெறாமகள் என் கையைப் பிடித்துத் திருத்துவாள். விளங்காமல் போவதில்லை, ஜெர்மனிச் சைகைக்கும் இதற்கும் அங்கேதான் வித்தியாசம்.

நேரில் போக முடியாதவருக்கு இணையத்தில் நேரலையாக நடக்கும் வகுப்பு ஒரு நடுவழி. ஆசிரியர் உங்களைப் பார்க்கிறார், திருத்துகிறார். ஆனால் திரை தட்டையானது. இந்த மொழி இடத்தைப் பயன்படுத்துகிறது: ஒருவரை வலப்பக்கம் வைத்தால் பேச்சு முடியும்வரை அவர் அங்கேயே இருப்பார், சுட்டினால் போதும். அதை ஒரு சின்னச் சதுரத்துக்குள் பிடிப்பது தொடக்கத்தில் கடினம். போனில் பார்க்காமல் பெரிய திரையில், முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்தால் சமாளிக்கலாம். முதல் படியை நேரிலும் அடுத்ததை இணையத்திலும் செய்தால் இழப்பு குறைவு என்பது என் எண்ணம்.

வீட்டில் காது கேளாத பிள்ளை இருந்தால்

இவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். அதாவது அம்மா அப்பாவுக்கே தெரியாத மொழியைப் பிள்ளைக்குத் தர வேண்டும், அதுவும் பிள்ளை வளரும் வேகத்தில். கிழமைக்கு ஒரு மாலை வகுப்பில் சந்தையும் வானிலையும் படித்துக்கொண்டிருந்தால் பிள்ளை முந்திவிடும்.

இதற்கு வீட்டுப் பாடம் என்ற ஏற்பாடு உண்டு. காது கேளாத ஆசிரியர் வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு இருந்து சொல்லிக்கொடுப்பார். அக்கா வீட்டில் பாடம் நடந்தது சமையலறையிலும் குளியலறையிலும். பல் விளக்கு, இடியப்பம் சூடு, சப்பாத்தைப் போடு, அப்பா எப்போது வருவார். அம்மம்மாவும் உட்கார்ந்து படித்தா. டொச் எழுதப் படிக்கத் தெரியாத அவவுக்கு எந்த வகுப்பிலும் இடம் கிடைத்திருக்காது, வீட்டில் மட்டும்தான் அது முடிந்தது. பிள்ளைக்கும் வேறு ஒரு பெரிய நன்மை: வளர்ந்த, வேலை செய்கிற, கார் ஓட்டுகிற, சிரிக்கிற ஒரு காது கேளாத பெண்ணை அவள் கிழமைதோறும் பார்த்தாள். செலவை யார் ஏற்பார்கள் என்பதைக் கூட்டமைப்பிடம் நேரடியாகக் கேளுங்கள், கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஒரு ஆலோசனை இடத்தில், வீட்டில் தமிழை விடுங்கள், சைகையும் வேண்டாம், டொச் மட்டும் கதையுங்கள், பிள்ளை குழம்பிவிடும் என்றார்கள். ஒரு வருடம் அப்படியே செய்தார்கள். அந்த ஒரு வருடம் அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்து ஏங்கியது எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் கொக்லியர் கருவி, அதாவது அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கேட்கும் கருவி, வைத்தாயிற்று, அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் தூங்கும்போதும் குளிக்கும்போதும் அதன் வெளிப்பகுதியைக் கழற்றி வைக்கிறாள். காய்ச்சலில் நடு இரவு எழும்பும்போது அவளுக்கு இருப்பது சைகை மட்டும்தான். கருவியா, சைகையா என்று ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் இரண்டும் வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மொழி அல்லாத இரண்டு வழிகள்

டொச் பேச்சோடு சேர்த்துச் சைகை காட்டும் முறை ஒன்று இருக்கிறது. வாயால் டொச் வாக்கியம் பேசிக்கொண்டே, சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் கையும் காட்டும். வயதான பிறகு காது மங்கியவருக்கு, டொச்சிலேயே சிந்திப்பவருக்கு இது உதவும். உங்கள் மாமனாருக்கு எழுபது வயதில் காது போய்விட்டது, அவருக்கு டொச் நன்றாக வரும் என்றால் இதைப் படிக்கலாம். சைகையைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இது வேற்று மொழி இலக்கணத்தில் கோத்த தன் மொழிச் சொற்கள். பேசவும் நேரம் எடுக்கும்.

இன்னொன்று போர்ட்டா சைகைகள். லாங்னவ் அம் அல்பிஸ் ஊரில் உள்ள தன்னெ என்ற நிறுவனம், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாதவர்களுக்கானது, இந்தத் தொகுப்பை உருவாக்கியது. எளிமையாக்கிய சைகைகள், முக்கியமான சொற்களுக்கு மட்டும். பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைகளுக்கும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பராமரிப்பு இல்லங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே வேலை செய்யும் தமிழர்கள் பலர் இதைத்தான் சைகை மொழி என்று எண்ணியிருக்கிறார்கள். உங்கள் வேலைக்கு அது போதும். காது கேளாத ஒருவரோடு நட்பாக இருப்பதற்குப் போதாது.

நான் சொல்வது

வேலையிடத்து நண்பருக்காகவோ ஆர்வத்துக்காகவோ தொடங்குகிறீர்கள் என்றால், அந்த நண்பர் வாழும் நகரத்தில் குழு வகுப்பு. வேறு நகரத்தில் உங்களுக்கு வசதி என்றால் அங்கே படித்துவிட்டு, அவருடைய வழக்கை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைக்காக என்றால் வீட்டுப் பாடம், அதோடு பெற்றோரில் ஒருவராவது குழு வகுப்புக்கும் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுச் சொற்களோடு மொழி நின்றுவிடும். மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் எண்ணம் இருந்தால் சூரிச்சின் எச்.எஃப்.எச்சில் அதற்கென்று பட்டப் படிப்பு உண்டு. அங்கே போவதற்கு முன் மொழி கையில் இருக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கும் தொடக்கம் இதே வகுப்புதான்.

பதிவு செய்யும்முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆசிரியர் காது கேளாதவரா? எந்த வழக்கு? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். காது கேட்பவரிடம் படிக்கும்போது திணறுகிற இடத்திலெல்லாம் வாய்ப்பேச்சுக்கு ஓடிவிடுவோம். அது இல்லாத அறையில்தான் கை வேலை செய்யத் தொடங்கும்.

ஏ1 முடிந்ததும் ஊரில் உள்ள காது கேளாதோர் சங்கத்தின் கூட்டத்துக்கோ கோப்பிக் கடைச் சந்திப்புக்கோ போங்கள், நன்றாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் மாலையில் எனக்கு விளங்கியது பத்தில் ஒன்று. ஆனால் விளங்கவில்லை என்று காட்டியதும் ஒரு பெரியவர் பொறுமையாக மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார். மாலைகளில் சுவிஸ் தொலைக்காட்சியின் எஸ்.ஆர்.எஃப் இன்ஃபோ அலைவரிசையில் 7.30 செய்தி சைகை மொழிபெயர்ப்போடு வரும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள், வானிலையிலிருந்து தொடங்கினால் சுலபம்.

நம் வீடுகளில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டும். பெரியவர்கள் பழக்கத்தில் ஊமை என்று சொல்லிவிடுகிறார்கள். டொச்சிலும் அதற்கு இணையான ஒரு பழைய சொல் இருந்தது, காது கேளாதவர்கள் அதை ஏற்பதில்லை. அவர்களுக்கு மொழி இருக்கிறது. என் பெறாமகள் ஒரு நாளைக்குக் கதைக்கிற அளவைப் பார்த்தால் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். அவள் எனக்கு ஒரு சைகைப் பெயர் வைத்திருக்கிறாள்: கன்னத்தில் இருக்கும் மச்சத்தை ஒரு விரலால் தொடுவது. சங்கத்தில் என்னை இப்போது எல்லாரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.